அண்ணாச்சி டப்பாவில் எட்டுக் காசு: அச்சு முதலா, காயம் முதலா?

கோவை கணபதிப் பக்கம் நான் குடியிருக்கும் தெருவில் லேத் பட்டறையும் மளிகைக் கடையும் மாறி மாறி இருக்கும். எனக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு பிரஸ் ஷாப். உலோகத் தகட்டிலிருந்து பம்ப் உதிரிகளை வெட்டியெடுக்கும் இடம் அது. தரப் பரிசோதனை என் வேலை. காசு சேர்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இந்த இரண்டும் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். ஒருநாள் ராத்திரி கடையைச் சாத்துகிற நேரத்தில் பெருங்காய டப்பா ஒன்றை என் கையில் வைத்தார். உள்ளே எட்டுக் காசு.

“தம்பி, இதெல்லாம் எரர் காயினாம்லா. மிஷின்லயே தப்பா அடிச்சுட்டானாம். ஒண்ணொண்ணும் லச்சக்கணக்குல போகுமுன்னு வீடியோவுல சொல்லுதான். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

வீடியோவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதன் கீழிருந்த எண்ணுக்கு அண்ணாச்சி படம் அனுப்பியிருக்கிறார். மறுநாளே ஒருவர் போன் செய்து, ஒரு காசுக்கு மட்டும் 5 லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய் போடுங்கள் என்றிருக்கிறார். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதமும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதற்குத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டிருக்கிறது. அந்த வங்கி இந்த வியாபாரத்தில் இறங்குவதே இல்லை. அதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் கொஞ்சம் வாடியது. “அவன் கெடக்கான் விடுங்க. காசு எப்பிடி, அதச் சொல்லுங்க” என்றார்.

அது நியாயமான கேள்வி. ஏமாற்றுக்காரன் பொய் சொன்னான் என்பதால் காசும் பொய்யாகிவிடாது. டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்த வாரம் முழுக்க என் மேசையில் பெருங்காய வாசம்.

மேசையில் இருந்தவை: பத்து மடங்கு லென்ஸ், நூறில் ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சம் அடிக்க ஒரு டேபிள் லைட். இவற்றைவிட முக்கியமானது, ஒவ்வொரு காசுக்கும் அதே வகையில் ஒழுங்கான இன்னொரு காசு. பக்கத்தில் நல்ல காசு இல்லாமல் கெட்ட காசைப் பார்ப்பது, சரியான படி இல்லாமல் அரிசி அளப்பது மாதிரி.

முதலில் காசு பிறக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்று நான்கு நாணயச் சாலைகள். உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுகிறார்கள். அந்த வில்லையை ஓரத்தில் நெருக்கி உருட்டுவார்கள். அப்போதுதான் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு ஓரத்தில் எழும்பும். பிறகு உலையில் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தி, கழுவி, அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றி ‘காலர்’ எனும் எஃகு வளையம். ஒரே அடி. உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறிப் படமாகிறது, பக்கவாட்டில் பரவிக் காலரில் முட்டி நிற்கிறது. காசின் விட்டத்தைத் தீர்மானிப்பது அந்தக் காலர்தான்.

ஆகவே எரர் என்றால் வில்லையில் கோளாறு, அச்சில் கோளாறு, அடித்த அடியில் கோளாறு என்று மூன்று இடத்தில்தான் பிறக்க முடியும். நான்காவதாக ஓர் இடம் உண்டு: வெளியுலகம். கடைக் கல்லா, ரயில் தண்டவாளம், கிரைண்டர், ஆசிட், கோயில் உண்டியல், குழந்தையின் வாய். அங்கே நடப்பது சேதம். இரண்டையும் பிரிக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அச்சு முதலில் விழுந்ததா, காயம் முதலில் விழுந்ததா? காயம் முதலில் என்றால், அதற்குப் பின் விழுந்த அடி அந்தக் காயத்தைச் சும்மா விட்டிருக்காது. காயத்தைச் சுற்றி உலோகம் எப்படி ஓடியது என்பதற்குத் தடயம் இருந்தே தீரும்.

இரண்டு கடி

எட்டில் இரண்டு காசுகள் கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தன. ஒன்று 2011-இல் தொடங்கிய வரிசையில் வந்த ₹ குறியிட்ட 2 ரூபாய். மற்றது தொண்ணூறுகளின் 1 ரூபாய். இரண்டும் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு, இரண்டும் 25 மி.மீ., 4.85 கிராம். (காசின் மதிப்பு இறங்க இறங்க உடம்பு இளைத்த கதை இது: தொண்ணூறுகளில் 1 ரூபாய்க்கு இருந்த உடம்பு 2011 வரிசையில் 2 ரூபாய்க்குப் போனது, அன்றைய 50 காசின் உடம்பு 1 ரூபாய்க்கு வந்தது.) ஒரே உலோகம், ஒரே அளவு, ஒரே வகைக் கடி. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி காசு கொடுத்தாலும் கிடைக்காது.

2 ரூபாயை முதலில் எடுத்தேன். எடை 4.54 கிராம். தலைப்பக்கத்தில் சிங்கத்துக்கு வலப்புறம், ஆங்கிலத்தில் இந்தியா என்று எழுதிய இடத்தில் மூன்றரை மி.மீ. ஆழத்துக்குப் பிறை வடிவில் கடி. நடு எழுத்துகள் இல்லை. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் மிச்சம். லென்ஸில் பார்த்தபோது மிஞ்சிய எழுத்துகளின் அடிப்பாகம் கடிவாயை நோக்கி இழுபட்டு, நீண்டு, மெலிந்திருந்தது. மழையில் நனைந்த சுவரெழுத்து வழிவது மாதிரி. அடி விழும்போது அந்தப் பக்கம் ஏற்கெனவே வெட்டவெளியாக இருந்திருக்கிறது. தடுக்கக் காலர் எட்டவில்லை. உலோகம் காலியிடத்தைப் பார்த்து ஓடியிருக்கிறது. கடியின் சுவரும் செங்குத்தாக இல்லை, நடுவில் லேசாகப் பிதுங்கியிருந்தது. வெட்டியபின் அமுக்கப்பட்ட உலோகம் இப்படித்தான் தொப்பை போடும். பிரஸ் ஷாப்பில் தினமும் பார்ப்பதுதான்.

அடுத்து, கடிக்கு நேர் எதிர்ப்புறம். இதை மட்டும் ஒருவர் கற்றுக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சிங்கத்துக்கு இடப்புறம், இந்தியில் பாரத் என்று இருக்கும் இடத்தில், ஓர வரப்பு கரைந்துபோயிருந்தது. எதிர்ப்பக்கத்தில் உடைப்பு இருக்கும்போது இங்கே வரப்பு ஏன் கரைய வேண்டும்? வில்லையை உருட்டி வரப்பு எழுப்பும்போது இரு பக்கமும் நெருக்கம் வேண்டும். மாவு உருண்டையை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டும்போது ஒரு கையை எடுத்துவிட்டால் மற்றக் கையின் அழுத்தமும் வீண்தானே? கடிபட்ட இடம் உருளையில் வந்த நொடியில் அங்கே பிடிமானம் இல்லை. அதனால் எதிர்முனையிலும் வரப்பு எழவில்லை. நாணய ஆய்வில் இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். எல்லா அசல் கடியிலும் இது தெளிவாகத் தெரியும் என்றில்லை, சின்னக் கடியென்றால் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்தால் அது வலுவான சாட்சி. அரத்தோடு உட்கார்ந்திருப்பவன் கடியைச் செய்யலாம்; எதிர்ப்பக்கத்து வரப்பின் இளைப்பைச் செய்யவேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றாது.

கடைசியாக ஒன்று பார்த்தேன். ஒழுங்கான இன்னொரு 2 ரூபாயை எடுத்து அந்தக் கடிக்குள் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பூரிக்குத் தேய்த்த மாவை டப்பா மூடியால் வெட்டும் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம்: முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் மூடி கொஞ்சம் ஏறிவிட்டால் அடுத்த பூரி பிறையளவு குறையும். பட்டை போதிய தூரம் நகராமல் வெட்டு விழுந்தால் காசுக்கும் அதே கதி. அதனால்தான் கடியின் வளைவு காசின் வளைவோடு ஒத்துப்போகிறது.

இனி அந்த 1 ரூபாய். எடை 4.41. கடியின் வளைவு சோம்பலாக, விரிந்து கிடந்தது. இன்னொரு காசை வைத்தால் நடுவில் மட்டும் தொட்டு இரு முனையிலும் இடைவெளி விட்டது, பெரிய சக்கரம் ஒன்றின் வளைவு போல. சுவர் செங்குத்து. சுவரில் எல்லாக் கீறலும் ஒரே திசை. எழுத்துகள் இழுபடவில்லை, பாதி எழுத்து கத்தியால் அரிந்தது மாதிரி முழு உயரத்தோடு நின்று திடீரென்று முடிந்தது. எதிர்ப்பக்க வரப்பு முழுசாக, கொழுகொழுவென்று இருந்தது. கடியின் ஓரத்தில் ரோமம் போன்ற பிசிறு படத்தின் மேலேயே மடிந்து கிடந்தது. அச்சு அதற்குப் பின் விழுந்திருந்தால் பிசிறு நசுங்கிப் படத்துக்குள் போயிருக்கும்.

இத்தனையும் பார்ப்பதற்கு முன்பே இதன் கதை எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கடிவாயை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்கு நீலமும், அதை அடுத்து வைக்கோல் மஞ்சளும் பாய்ந்திருந்தது. எஃகைப் பட்டறைக் கிரைண்டரின் சாணைக்கல்லில் பிடித்தால் சூட்டில் ஏறும் நிறம். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

“இத யாரு குடுத்தா அண்ணாச்சி?”

“எதுத்த பட்டறைப் பயதான். பீடி வாங்கிட்டுக் குடுத்தான். தம்பி, அவன் வேணுமுன்னு செஞ்சிருப்பானோ?”

வேண்டுமென்று செய்திருக்க மாட்டான். கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கையில் கிடைத்ததைப் பிடிப்பது பட்டறைப் பழக்கம். காசை உருக்குவதையும் அழிப்பதையும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பையனுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரிந்திருக்காது. சேதமான காசில் முக்கால்வாசி இப்படி ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் பிறந்ததுதான். ஏமாற்று அடுத்த கையில் தொடங்குகிறது.

திரும்பிப் பார்க்கும் ஒன்று

மூன்றாவது, பித்தளை நிற 5 ரூபாய். இதற்குத்தான் போனில் 5 லட்சம் சொன்னார்களாம். தலைப்பக்கத்தில் சிங்கத்தின் மேல், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய ‘1’ பள்ளமாகப் பதிந்திருந்தது. பார்த்தால் யாருக்கும் திக்கென்றிருக்கும்.

இந்த வகை அசலாகவே உண்டு. ப்ராக்கேஜ் என்பார்கள், வியாபாரிகள் சிலர் ‘லக்கி’ என்றும் சொல்வார்கள். அடித்து முடித்த காசு வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வரும்போது அதன் ஒரு பக்கத்தில் அச்சு விழும். மறுபக்கத்தில், ஒட்டிக்கொண்டிருக்கும் காசின் முகம் விழும். காசின் முகம் மேடு. ஆகவே பதிவது பள்ளம். நேரே இருப்பது தலைகீழாய்ப் பதியாது, இடவலம் மாறிப் பதியும். ஒட்டிய காசின் எந்த முகம் வெளியே தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். பூப்பக்க அச்சில் அது ஒட்டியிருந்தால் வெளியே தெரிவது தலை. எதிரே இருக்கும் அச்சும் தலை. ஆகவே அசல் லக்கியில் இரு பக்கமும் ஒரே படம்: ஒரு பக்கம் சிங்கம் மேடாக, மறுபக்கம் அதே சிங்கம் பள்ளமாக, இடவலம் மாறி. பூவே இருக்காது. பூவா தலையா போட்டால் எப்படி விழுந்தாலும் தலைதான்.

அண்ணாச்சியின் காசில் பூவும் இருந்தது, தலையும் இருந்தது, தலைமேல் ஒரு ‘1’ கூடுதலாக இருந்தது. 5 ரூபாய் அடிக்கும் இயந்திரத்தில் 1 ரூபாய்க் காசு எப்படி வந்து ஒட்டும்? சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த ‘1’-இன் பள்ளத்துக்குள் சிங்கத்தின் பிடரி நசுங்கிய நிலையில் இன்னும் தெரிந்தது. முதலில் சிங்கம், பிறகு ‘1’. அச்சு முதலில், காயம் பிறகு. மறுபக்கத்தைத் திருப்பினால், உயரமான இடங்கள் மட்டும் தட்டையாகி மினுங்கின. எஃகு 1 ரூபாயையும் பித்தளை 5 ரூபாயையும் சேர்த்து பெஞ்ச் வைஸ் எனும் பட்டறை இடுக்கியில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். எஃகு கடினம், பித்தளை இளசு. எது எதில் பதியும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஆன செலவு 2,000 ரூபாய். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு வியாபாரியிடம் ‘லக்கி’ ஒன்று வாங்கினேன். அதில் ஒரே மதிப்புள்ள இரண்டு காசுகளை அழுத்தியிருந்தார்கள். அதனால் ‘இந்த எண் எப்படி வந்தது’ என்ற கேள்வியே எழவில்லை. மறுபக்கத்தைத் திருப்பி நிதானமாகப் பார்த்திருந்தால் போதும். ஆசை இருக்கிறதே, அது காசின் ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டும். அந்தக் காசு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

செம்பு ரூபாய்

நான்காவதைப் பார்த்ததும் நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2011 வரிசையின் சின்ன 1 ரூபாய், ஆனால் முழுக்கச் செம்பு நிறம். நல்ல பளபளப்பு.

நிறம் மாறிய காசு என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது அமெரிக்காவின் 1943-ஆம் ஆண்டு ஒரு சென்ட். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் செம்பு வில்லைகள் சில தவறிப்போய் இயந்திரத்தில் சிக்கி, 1943 என்ற ஆண்டோடு செம்புக் காசாக வெளியே வந்தன. இன்று அவை பெரும் விலைக்குப் போகின்றன. ஆகவே எஃகுச் சென்டுக்குச் செம்பு முலாம் பூசுவது ஒரு தொழிலாகவே நடந்தது. அவற்றைப் பிடிக்க இரண்டே சோதனை: முலாம் பூசியது காந்தத்தில் ஒட்டும்; எஃகின் எடை 2.70 கிராம், செம்பின் எடை 3.11.

இங்கேயும் அதையே செய்தேன். காந்தம் டக்கென்று இழுத்தது. எடை 3.81, நல்ல காசு 3.79. உள்ளே எஃகுதான், மேலே மெல்லிய செம்புத் தோல். யார் பூசியது? விளிம்பைச் சுற்றிலும் லென்ஸில் பார்த்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. திருப்பினால் அதற்கு நேர் மறுபக்கத்திலும் ஒன்று. அந்த இரண்டு இடத்தில் மட்டும் செம்பு ஏறவில்லை. எதுவோ காசைக் கவ்விப் பிடித்திருக்கிறது.

மறுநாள் கடையில் அண்ணாச்சியின் மகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். “பாப்பா, ஸ்கூல்ல மயில் துத்தம், அதான் காப்பர் சல்பேட், வெச்சு ஏதாவது பண்ணீங்களா?” என்றேன்.

“ஆமா அங்கிள். எலக்ட்ரோபிளேட்டிங். பேட்டரில வயர் வெச்சு. அப்பா கல்லாவுலேர்ந்துதான் காசு எடுத்துட்டுப் போனேன்.” சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அண்ணாச்சி டப்பாவைப் பார்த்தார். நான் அரிசி மூட்டையைப் பார்த்தேன்.

இளைத்த ஐந்து

ஐந்தாவது, பழைய கனத்த வெள்ளை 5 ரூபாய். 9 கிராம் இருக்கவேண்டியது 7.10 இருந்தது. “வில்லையே மெலிசா வந்திருக்கும்லா” என்றார் அண்ணாச்சி. வீடியோ பார்த்துப் பார்த்து அவருக்கும் கொஞ்சம் பாடம் ஏறியிருந்தது. மெலிந்த வில்லை என்பது அசல் எரர்தான், நடக்கக்கூடியதுதான். ஆனால் காலரை மறந்துவிடக்கூடாது. வில்லை எவ்வளவு மெலிசாக இருந்தாலும் அடி விழுந்ததும் அது காலர் வரை பரவும். விட்டம் 23 மி.மீ.யே வரும். இந்தக் காசின் விட்டம் 22.56. தடிமன் மட்டும் குறைந்திருந்தால் வில்லையைச் சந்தேகிக்கலாம். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் ஏதோ ஒன்று அதை எல்லாப் பக்கமும் தின்றிருக்கிறது. விளிம்பின் நடுவே ஓடும் பள்ளக் கோடு கிட்டத்தட்ட அழிந்திருந்தது, எழுத்துகள் சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டிருந்தன, முகம் முழுக்கப் பொடிப்பொடியாய்ச் சொரசொரப்பு. ஆசிட். நகைப் பட்டறையிலோ முலாம் பட்டறையிலோ ஒரு கிண்ணத்துக்குள் விழுந்து கிடந்திருக்கும்.

உரசியும் நிறுத்தும் நிறம் பார்த்தும் காசைச் சோதிப்பவருக்குப் பழந்தமிழில் வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர்களிலேயே வண்ணக்கன் என்ற அடைமொழியோடு சிலர் உண்டு. அவர்கள் கையில் லென்ஸ் இல்லை, தராசு இருந்தது. ஐந்தாவது காசுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மீதி மூன்று

ஆறாவது ஒரு 10 ரூபாய். ரூபாய்க் குறி இல்லாதது, மேலே கதிர் மாதிரி 15 கோடுகள். குறியோடு வரும் காசில் 10 கோடுதான், ஆகவே இது எரர் என்று அண்ணாச்சியின் கணக்கு. இதே கோட்டுக் கணக்கை வைத்துத்தான் 15 கோடு போட்டது கள்ளக்காசு என்ற வதந்தியும் ஓடியது. நம்மூர்க் கடைகளிலும் பஸ்களிலும் 10 ரூபாய்க் காசை வாங்க மறுத்து எத்தனை சண்டை! 10 ரூபாய்க்கு அதுவரை 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. வடிவம் மாறினால் அது எரர் ஆகாது, கள்ளக்காசும் ஆகாது. “இத வாங்க மாட்டேன்னு நானே எத்தனையோ பேர திருப்பி அனுப்பிருக்கேன்” என்று அண்ணாச்சி சிரித்தார்.

ஏழாவது, கட்டை விரலை உயர்த்திய 1 ரூபாய், 2007-இல் தொடங்கிய நாட்டிய முத்திரை வரிசை. விரல் நுனியிலிருந்து ஓரம் வரை மின்னல் மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்து வருடிப் பார்த்தேன். தட்டியது, கோடு மேடு. இதுதான் பிடி. காசைக் கீறினால் பள்ளம் விழும், மேடு விழாது. அச்சில் விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறினால்தான் காசில் மேட்டுக் கோடு வரும். அதோடு கோட்டின் மேல்பாகத்தின் நிறமும் பக்கத்து முகத்தின் நிறமும் ஒன்று, மினுக்கமும் ஒன்று. அசல் எரர். ஆனால் விரிசல் விட்ட அச்சு மாற்றப்படும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே கோட்டோடு எத்தனையோ காசு வெளியே வரும். எனக்குப் பிடித்த வகை. விலை போகாத வகை.

எட்டாவதுதான் சேதமும் இல்லாத, சொல்லிக்கொள்ளும்படியான எரரும் இல்லாத நடுவாந்திரம். 5 ரூபாய், ஆண்டின் எண்கள் இரட்டையாகத் தெரிந்தன. இரட்டை அச்சு என்றால் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் 1955 சென்ட். அதில் அச்சைத் தயாரிக்கும்போதே படம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்துவிட்டது. அப்படிப்பட்ட காசில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு முழு உயரத்தோடு இருக்கும், எழுத்தின் முனைகள் பாம்பு நாக்கு மாதிரி பிளந்திருக்கும், எழுத்து மொத்தத்தில் பருத்துவிடும். அண்ணாச்சி காசில் இரண்டாவது எண் தட்டையாக, ஒரு படிக்கட்டு மாதிரி எண்ணின் ஒரு பக்கத்தில் சரிந்து கிடந்தது. அந்தப் படியின் அளவுக்கு எண் இளைத்திருந்தது. அடித்துவிட்டு விலகும்போது அச்சு லேசாக ஆடி, எழும்பிய எண்ணின் தோளைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. நாணயச் சாலைக்குள் நடந்ததுதான், பொய்யில்லை. ஆனால் தளர்ந்த இயந்திரம் எல்லா நாட்டிலும் இப்படித் தேய்க்கும். சேகரிப்பவர்கள் இதற்குக் கூடுதல் காசு தருவதில்லை. வீடியோக்களில் ‘டபுள் டை’ என்று கூவப்படுவதில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான்.

தீர்ப்பு சொன்ன ராத்திரி

ஒரு வாரம் கழித்து, ஒவ்வொரு காசையும் தாளில் மடித்து மேலே எழுதிக் கொண்டுபோனேன். அசல் எரர் இரண்டு, நடுவாந்திரம் ஒன்று, வடிவ மாற்றம் ஒன்று, சேதம் நான்கு. எட்டில் இரண்டு அசல் என்பதே அதிகம். நான் பார்க்கும் டப்பாக்களில் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. 5 லட்சம் சொன்ன காசு சேதத்தில் இருந்தது, பத்துக் காசுக்குப் பெறாத மாதிரி அண்ணாச்சி ஒதுக்கி வைத்திருந்த 2 ரூபாய் அசலில் இருந்தது. அந்த எண்ணுக்கு அண்ணாச்சி அனுப்பிய படத்தில் அந்த 2 ரூபாய் இல்லவே இல்லை.

“அப்ப அந்தக் கடிச்ச ரெண்டு ரூவா என்ன பெறும்?”

“சேக்குறவங்க ஆசப்பட்டுக் கேப்பாங்க அண்ணாச்சி. ஆனா உங்க ஒருநாள் சாயங்கால வியாபாரம் அளவுகூட வராது.” ஒளிக்காமல் சொன்னேன், எனக்கே அந்தக் காசு வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. என்னிடம் 2 ரூபாயில் இவ்வளவு சுத்தமான கடி இல்லை. கேட்டேவிட்டேன்.

அண்ணாச்சி காசை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து, முதலில் கடியைப் பார்த்தார். பிறகு மெல்லத் திருப்பி எதிர்ப்பக்க வரப்பைப் பார்த்தார். கல்லாவுக்கு மேலே இருந்த பிள்ளையார் படத்தின் சட்டத்தில் அதைச் செருகினார்.

“இது இங்கயே கெடக்கட்டும் தம்பி. அந்த நீலம் பாஞ்ச ஒத்த ரூவாய வேணா எடுத்துட்டுப் போங்க.” நான் எடுத்துக்கொண்டு திரும்பினேன். “ஒரு ரூவா வெச்சிட்டுப் போங்க. கணக்குல இடிக்கும்.”